மணியும் பானையும்

"நேற்றுப் பிறந்த நாட்டுக்கு ஏதப்பா பண்பாடு?"

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விடுதி உணவுக்கூடத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்யும் அண்ணன் ஒருவர். நம் மன்ற மேடையில் அவர் பேசி அமர்ந்தால் கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆகும். கேட்கப்பட்டவன் நான், தாவரவியல் முதுநிலை மாணவன். துறைக் கருத்தரங்கில் நியூசிலாந்தின் தாவரங்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. செடிகொடிகளைத் தேடிப் போனவன், அந்நாட்டின் கதைகளிலும் வரலாற்றிலும் விழுந்துவிட்டேன். அந்த உற்சாகத்தில், "வளமான பண்பாடு உடைய நாடு, அண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் ராஜ்மாவைச் சோற்றில் பிசைந்துகொண்டே சிரித்தார். "ஆட்டு மந்தை இருக்கிறது, பால்மாவு இருக்கிறது, நல்ல கிரிக்கெட்டும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்பாட்டுக்குக் காலம் வேண்டும், தம்பி. அக்கம்பக்கம் வேண்டும், கொள்வினை கொடுப்பினை வேண்டும். உலகத்தின் ஓரத்தில் தனியே கிடக்கும் தீவில் எழுநூறு ஆண்டில் என்ன முளைத்துவிடும்? நம் சங்கப் பாட்டுக்கு வயது இரண்டாயிரம். அவர்கள் அருங்காட்சியகத்தில்கூட நம் தமிழ் மணிதானே இருக்கிறது?"

மேசையில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகு என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இந்த மலரில் சொல்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மனிதன் குடியேறிய பெரிய நிலப்பரப்புகளில் கடைசியானது நியூசிலாந்து. இதற்கு எலி சாட்சி சொல்கிறது. அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டி இயற்கையாக இருந்ததில்லை. ஆகவே எலி அங்கே போயிருந்தால் மனிதனுடைய படகில்தான் போயிருக்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடந்த பழைய விதைகளில் எலிப்பல் பட்டவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காலம் கணித்தார்கள். ஏறத்தாழ கி.பி. 1280-க்கு முற்பட்ட விதை எதிலும் எலிப்பல் படவில்லை. மாவோரி மக்களின் முன்னோர் பொலினீசியத் தீவுகளிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் கடலைத் தோணியில் கடந்து அங்கே இறங்கியது பதின்மூன்றாம் நூற்றாண்டு அளவில்தான். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு என்ற முறையில் பார்த்தால் அந்நாடு இன்னும் இளையது. டச்சுக் கப்பலோட்டி தாஸ்மன் 1642-இல் கரையைக் கண்டார். குக் 1769-இல் இறங்கினார். 1840 பிப்ரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்ற இடத்தில் மாவோரித் தலைவர்களுக்கும் ஆங்கில முடியாட்சிக்கும் உடன்படிக்கை ஆயிற்று. தன் சட்டத்தைத் தானே முழு உரிமையோடு இயற்றும் நிலை 1947-இல்தான் வந்தது; நம் விடுதலையும் அந்த ஆண்டுதான். தனிமையைச் சொல்ல வேண்டுமானால், பக்கத்து வீடு ஆஸ்திரேலியா. சிட்னியிலிருந்து ஆக்லாந்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மக்கள் தொகை இன்றும் ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டியது.

இளமை உண்டு, தனிமை உண்டு, சிறுமையும் உண்டு. இவற்றிலிருந்து பண்பாட்டு வறுமை தானாக வந்துவிடுமா? வராது என்பதே என் கட்சி.

என் துறையிலிருந்தே தொடங்குகிறேன். பொலினீசியத் தீவுகளில் மக்கள் உடுத்தது மரப்பட்டை ஆடை. காகித முசுக்கட்டை என்னும் மரத்தின் உட்பட்டையை நீரில் ஊறவைத்து, அடித்து அடித்து மெல்லிய துணியாக்குவார்கள். புதிய நாட்டுக்குப் போனவர்கள் அந்த மரத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ஆனால் அங்கே குளிர். தென்னை பிழைக்கவில்லை, ஈரப்பலா பிழைக்கவில்லை, வாழையும் பிழைக்கவில்லை. முசுக்கட்டை ஏதோ கொஞ்சம் உயிர் பிடித்து நின்றது. உடுத்த ஆடை இல்லை; பனியோ எலும்பைத் துளைக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்?

சதுப்பிலும் ஆற்றோரத்திலும் ஆளுயரம் வளர்ந்து நின்ற ஒரு செடியைக் கண்டார்கள். வாள்போன்ற இலை. ஹரக்கெக்கே என்று அதற்குப் பெயரிட்டார்கள். இலையைச் சிப்பி ஓட்டால் வழித்து உள்ளிருக்கும் நாரை எடுத்தார்கள். தறி இல்லை, விரல்களாலேயே கோத்துப் பின்னினார்கள். கூடை முடையும் பழைய கை, போர்வை பின்னும் புதிய கை ஆயிற்று. நாளடைவில் கிவிப் பறவையின் இறகை வரிசை வரிசையாகச் சேர்த்துப் பின்னிய மேலாடைகள் பிறந்தன. இன்று உலகத்தின் அருங்காட்சியகங்கள் பெருமையோடு காட்டும் கலைப்பொருள்கள் அவை. வந்த நாட்டில் இல்லாததை எண்ணி அழுதுகொண்டே இருந்திருந்தால் அந்தப் போர்வை பிறந்திருக்குமா?

இதைவிட என்னைக் கவர்ந்தது அந்தச் செடியை அறுக்கும் முறை. நடுவில் இருக்கும் குருத்தைத் தொடக்கூடாது, அது குழந்தை. அதன் இரு பக்கத்து இலைகளையும் தொடக்கூடாது, அவை பெற்றோர். அதற்கும் புறத்தே உள்ள முதிய இலைகளை மட்டுமே அறுக்கலாம். வளர்நுனி அழிந்தால் அந்தக் கிளை அழியும் என்று எங்கள் பேராசிரியர் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்குகிறார். அதையே அவர்கள் ஒரு குடும்பப் படமாக்கிச் சிறுவன் மனத்திலும் பதித்துவிட்டார்கள். இதில் தாவர அறிவு இருக்கிறது, தொழில் இருக்கிறது, அறம் இருக்கிறது, அழகும் இருக்கிறது. பண்பாடு என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு இரண்டாயிரம் ஆண்டு ஆகவில்லை. சில தலைமுறைகள் போதுமாயிருந்தன.

உணவிலும் இதே கதைதான். வெப்பத் தீவில் ஆண்டு முழுதும் தோண்டி எடுக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, குளிர் நாட்டில் ஒருமுறைதான் விளையும். அதை மழையும் பனியும் தீண்டாத குழிகளில் சேர்த்துவைத்து அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்காகக் காக்கக் கற்றார்கள். காலம் பார்த்து நடவேண்டும். ஆகவே வானத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய நடுக்குளிர் காலமான ஜூன், ஜூலை அளவில், விடியலுக்கு முன் கீழ்வானில் ஒரு மீன்கூட்டம் மீண்டும் தோன்றும். அதற்கு மாத்தாரிக்கி என்று பெயர். அதுவே அவர்களுக்குப் புத்தாண்டு. இறந்தோரை நினைப்பதும் விளைச்சலை எண்ணுவதும் அப்போதுதான். 2022 முதல் அது நாடு முழுமைக்கும் அரசு விடுமுறை நாள்.

அந்த மீன்கூட்டம் எது தெரியுமா? நம் கார்த்திகைதான். நாம் அறுமீன் என்று எண்ணிய அதே கூட்டம், கார்த்திகை மாதத்து அந்தியில் நம் கீழ்வானில் எழும்; அப்போது நாம் விளக்கேற்றுகிறோம். வானம் ஒன்றே. இரண்டாயிரம் ஆண்டு பார்த்தவனுக்கு ஓர் ஒளி, எழுநூறு ஆண்டு பார்த்தவனுக்கு வேறோர் ஒளி என்று அது பங்கிடவில்லை. அண்ணாந்து பார்த்தவன் எவனோ அவனுக்கெல்லாம் அது தந்தது.

"இது மாவோரியர் கதை. அந்நாட்டில் இன்று பெரும்பான்மையோர் ஆங்கிலேயக் குடியேறிகளின் வழிவந்தவர். அவர்கள் கதை என்ன? இங்கிலாந்தின் வால்தானே?" என்று கேட்கலாம். நெடுங்காலம் அவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். நியூசிலாந்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர்கூட இங்கிலாந்தை 'வீடு' என்று சொல்லும் வழக்கம் இருந்தது. நல்ல மூளை என்றால் கப்பல் ஏற வேண்டும். நெல்சன் ஊரின் அருகே 1871-இல் பிறந்த ருதர்போர்டு, கிறைஸ்ட்சர்ச் கல்லூரியின் நிலவறை ஒன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1895-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1908-இல் நோபெல் பரிசு பெற்றார். போகாமல் இருந்திருந்தால் அணுவின் உட்கருவைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே. கருவியும் கூட்டாளியும் இல்லாத தனிமை, அறிவியலுக்கு நல்லது அன்று. இதை நான் மறைக்கவில்லை. தனிமைக்கு விலை உண்டு.

ஆனால் கதை எழுதிய பெண்ணைப் பாருங்கள். காதரின் மான்ஸ்பீல்டு வெலிங்டனில் 1888-இல் பிறந்தார். அந்தச் சிற்றூர் வாழ்வு பிடிக்காமல் 1908-இல் இலண்டனுக்குப் போனார், திரும்பவே இல்லை. 1923-இல் காசநோயால் பிரான்சில் இறந்தபோது அவருக்கு வயது 34. அவருடைய மிகச் சிறந்த கதைகள் எங்கே நடக்கின்றன? இலண்டனிலா? பாரிசிலா? இல்லை. அவர் உதறிவிட்டுப் போன அந்த வெலிங்டனில், அந்தக் கடற்கரையில், அந்த வீட்டுத் தோட்டத்தில். 1915-இல் போர்முனையில் வெடிகுண்டு விபத்தில் தம்பி மாண்ட பிறகு, இருவரும் சேர்ந்து வளர்ந்த ஊர் அவர் எழுத்தில் உயிர்பெற்று எழுந்தது. ஐரோப்பா அவருக்குத் தோழர்களைத் தந்தது. பொருளைத் தந்தது, ஒன்றுமில்லை என்று அவர் எண்ணிய ஊரே.

அடுத்து வந்தவர்கள் ஊரிலேயே இருந்து எழுதத் துணிந்தார்கள். அந்தத் துணிவு எங்கே முளைத்தது என்பதை நம் மன்றத்தார் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் 1932-இல் ஓர் இதழ் தொடங்கினார்கள். பெயர் 'பீனிக்ஸ்'. வந்தவை நான்கே இதழ்கள். மறு ஆண்டே நின்றுவிட்டது. நம் மலரைப் போன்ற மாணவர் இதழ்தான். ஆயினும் அந்நாட்டு இலக்கிய வரலாற்றை எழுதுவோர் அந்த நான்கு இதழ்களைத் தாண்டிப் போக முடிவதில்லை. அந்த இதழை நடத்தியவர்களில் ஒருவரான மேசன் என்ற கவிஞர், விலை போகாத தம் முதல் கவிதை நூலின் படிகளைத் துறைமுகக் கடலில் எறிந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. வாங்க ஆளில்லாத நாட்டில் எழுதினார்கள் என்பதற்கு அந்தக் கதையே போதும். 1947-இல் டனீடின் நகரில் சார்லஸ் பிராஷ் 'லாண்ட்பால்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். எழுதுவோர்க்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.

சிறிய நாட்டின் சிறிய இலக்கியம் யாருக்கு என்ன செய்துவிடும் என்று கேட்போர்க்கு ஜேனட் பிரேம் கதையைச் சொல்வேன். மனநோய் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்த இளம்பெண் அவர். மூளையை அறுக்கும் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த வேளையில் அவருடைய முதல் சிறுகதை நூலுக்கு ஓர் இலக்கியப் பரிசு கிடைத்த செய்தி பத்திரிகையில் வந்தது. மருத்துவர் அதைப் படித்தார், அறுவை நிறுத்தப்பட்டது. இது நடந்தது 1952-இல். அதன்பின் அரைநூற்றாண்டு வாழ்ந்து, உலகம் மதிக்கும் நாவல்களையும் தன்வரலாற்றையும் எழுதினார். ஒரு சிறு நாடு ஒரு சிறு நூலைப் படித்துப் பார்த்து ஒரு சிறு பரிசு அளிக்கும் பழக்கத்தை வைத்திருந்தது. அந்தப் பழக்கம் ஒரு பெண்ணின் மூளையைக் காத்தது. வளம் என்பது இதுதான், தோழர்களே. எத்தனை நூல்கள் அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது கணக்கு அன்று. புதிதாய் வந்த நூலை எடுத்துப் படிக்க எத்தனை பேர் இருக்கிறோம் என்பதே கணக்கு.

பிறகு வந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1985-இல் கெரி ஹியூமும், 2013-இல் 28 வயதே ஆன எலினார் காட்டனும் புக்கர் பரிசு பெற்றார்கள். பரிசுகளை நான் பெரிதாகச் சொல்லவில்லை. வேரில் நீர் இருந்தால் கிளையில் தெரியும், அவ்வளவே.

இனி, நான் மறைத்தால் குற்றமாகும் ஒன்று. அந்த இளைய நாடு தன் மூத்த மக்களுக்குச் செய்த தீங்கு பெரிது. 1860-களில் போர் நடந்தது. மாவோரியர் நிலங்கள் பறிக்கப்பட்டன. 1867-இல் வந்த சட்டம் மாவோரிச் சிறுவர் பள்ளிகளில் ஆங்கிலமே கற்பிக்க வேண்டும் என்றது. பிற்காலத்தில் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட பிள்ளைகள் பலர். அப்படி அடிபட்ட பிள்ளை வளர்ந்து தாயானபோது, தன் குழந்தைக்கு அந்த மொழியைக் கொடுக்க அஞ்சினாள். இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு மொழி அடுக்களையிலிருந்தே மறையத் தொடங்கிவிட்டது.

அதை மீட்டவர் யார்? அப்பிரானா நாத்தா போன்ற அறிஞர் முன்பே வழி வகுத்தார். பழம்பாடல்களை ஊர் ஊராகத் திரட்டி 1928-இல் முதல் தொகுதியை வெளியிட்டார். ஆனால் அரசின் கதவைத் தட்டியவர்கள் மாணவர்கள். ஆக்லாந்தில் 'நா தமத்தோவா' என்ற இளைஞர் குழு. வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகத்து மாவோரி மொழிச் சங்கம். 1972 செப்டம்பர் 14-ஆம் நாள், முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை நாடாளுமன்றத்தின் முன் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்டது என்ன? பள்ளிகளில் எங்கள் மொழியைக் கற்பியுங்கள் என்பதே. அவர்களில் பலருக்கு அந்த மொழி சரளமாகப் பேச வராது என்பதுதான் என்னை உலுக்கிய செய்தி. இல்லாததை உணர்ந்தவர்கள் கேட்டார்கள். 1982-இல் 'மொழிக்கூடு' என்னும் பொருளுடைய கோஹங்கா ரேயோ என்ற குழந்தைப் பள்ளிகள் தொடங்கின. பாட்டிமார் மடியில் பேரக்குழந்தைகள் மொழி கற்றார்கள். 1987-இல் மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழி ஆயிற்று.

ஒரு பல்கலைக்கழக மொழிச் சங்கம் என்ன செய்யும் என்று கேட்டால் இதைச் செய்யும். நாமும் ஒரு பல்கலைக்கழக மொழிச் சங்கம்தான்.

இப்போது அண்ணனுடைய மணிக்கு வருகிறேன். 1836-ஆம் ஆண்டளவில், பாதிரியாரும் அச்சகரும் தாவர ஆய்வாளருமான கொலன்சோ என்பவர், நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெருமரம் காற்றில் சாய்ந்தபோது அதன் வேரடியில் கிடைத்தது என்றார்கள். உற்றுப் பார்த்தால் அது பானை அன்று. கீழ்ப்பாகம் உடைந்துபோன மணியின் மேற்பாகம். தலைகீழாகக் கவிழ்த்தால் பானை. அதன்மேல் பழைய தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள். வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான்.

இதை வைத்துக்கொண்டு "நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர் தமிழரே" என்று முழங்குவோர் உண்டு. அறிவியல் மாணவன் அப்படிச் சொல்ல மாட்டான். மணி போனது உறுதி. யார் கொண்டுபோனார், எப்போது, எவ்வழி என்பது உறுதி இல்லை. ஆளற்ற கப்பல்கூட அலையோடு போயிருக்கலாம். மணியைப் பார்த்து நான் பெருமைப்படவில்லை. வேறொன்று நினைத்தேன்.

அந்தப் பெண்கள் செய்தது பிழை அன்று. கடல் தந்ததை அறிவோடு பயன்படுத்தினார்கள். அந்த எழுத்தைப் படிக்க அவர்களுக்கு வழியில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவன், அல்லது தெரிந்துகொள்ளக் கூடியவன், மணியைப் பானையாக வைத்திருந்தால்?

என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே ஓர் இரும்பாலை நகருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு வயது ஐந்து. பள்ளியில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம். அம்மா நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறம் அ, ஆ எழுதித் தந்தார். நான் கற்றேன்; விரலை வைத்து மெல்லப் படிப்பேன். தங்கை கற்கவில்லை, பேசுவாள், படிக்க வராது. பாட்டி இருந்தவரை மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அவர் மறைந்து இரண்டு ஆண்டு ஆயிற்று. சென்ற விடுமுறையில் தங்கை அலமாரியைத் துடைக்கையில் அந்தக் கடிதக் கட்டு கிடைத்தது. அவள் பெயருக்கு வந்த கடிதங்கள் தனியே இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, இதில் பாட்டி எனக்கு என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

நான் படித்துக் காட்டினேன். பூப்போட்ட பாவாடை ஒன்று தைத்து வைத்திருப்பதாகவும், வந்தால் போட்டுப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பாவாடை இப்போது எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தங்கை ஒன்றும் பேசவில்லை.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அந்த அறையில் எங்களுக்கு என்ன உதவி செய்தது? என் தங்கைக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையே இருந்த தூரம் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. ஒரு மொழி எத்தனை முதியதாயினும், ஒரு வீட்டில் அது ஒரே தலைமுறையில் அறுந்துபோகும். எத்தனை இளைய நாடாயினும், நான்கு மாணவர் கூடினால் ஒன்று தொடங்கும். இரண்டுக்கும் நான் சாட்சி கண்டுவிட்டேன்.

பழமையை நான் இழிக்கவில்லை. நம் மொழிக்கு இருக்கும் ஆழம் எல்லா நாட்டுக்கும் வாய்த்தது அன்று, அது பெரும்பேறு. ஆனால் அது பாட்டன் தேடிவைத்த சொத்து. சொத்துள்ள வீட்டுப் பிள்ளை பட்டினி கிடப்பதும் உண்டு. சொத்தில்லாத வீட்டுப் பிள்ளை உழைத்து உண்பதும் உண்டு. ஐஸ்லாந்து என்னும் பனித்தீவில் மக்கள் குடியேறியது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர்கள் தாய்மொழியில் எழுதிவைத்த வீரக்கதைகளை உலகம் இன்றும் படிக்கிறது. குளிர்கால இரவு நீண்டது. சொல்லவும் கேட்கவும் ஆள் இருந்தது. அதுவே போதுமாயிருந்தது.

இனி நம் மன்றம். ஓர் எண்ணிப்பார்ப்பு. இந்த வளாகத்தில் நாம் ஒரு சிறு தீவு. சுற்றிலும் வேறு மொழி, வேறு உணவு, வேறு பேச்சு. நம் தீவுக்கு வயதும் குறைவு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையவர் போகிறார், புதியவர் வருகிறார். இளைய, தனித்த நாடு வளம்பெற முடியாது என்றால் நமக்கும் விடிவு இல்லை. முடியும் என்றால் அதற்கான வேலை நம்முடையது. நாம் என்ன செய்கிறோம்? பொங்கலுக்குப் பொங்கல் கூடுகிறோம். தொன்மையைப் பற்றி மூவர் பேசுகிறார்கள், ஒருவர் பாடுகிறார், கலைகிறோம். மன்ற அறையில் ஓர் அலமாரி நிறையத் தமிழ் நூல்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு முழுதும் அதன் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. கேட்கும்வரை எனக்கும் தெரியாது, நானும் தேடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வேண்டுகோள். ஒன்று: சனிக்கிழமை மாலைதோறும் அலமாரி திறக்கப்பட வேண்டும், படித்ததைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு: அடுத்த மலரில் பாதியாவது நாமே புதிதாய் எழுதியதாக இருக்கட்டும்; இந்த ஊரின் குளிரையும் சந்தையையும் ஆய்வுக்கூடத்தையும் பற்றித் தமிழில் எழுத நம்மைத் தவிர வேறு யார் வருவார்? மூன்று: வடக்கிலே பிறந்து வளர்ந்து, பேச மட்டும் தெரிந்து எழுத்தறியாமல் இருக்கும் நம் தோழர் தோழியர்க்கு, நாணமின்றி வந்து கற்க ஒரு வகுப்பு. நாட்காட்டித் தாள் என்னிடம் நிறைய இருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். எழுநூறு ஆண்டைப் பற்றி அவர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. அந்த வழக்கு உணவுக்கூடத்தில் தொடரும். ஆனால் வகுப்புக்கு ஆசிரியராக முதற்பெயர் அவருடையதுதான் எழுதப்பட்டிருக்கிறது. சாவியும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாருங்கள்.